நண்டின் காது

சிரிப்பு வரும், அதில் சந்தேகமே வேண்டாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரர் தொடையில் ஓங்கி அடித்துச் சிரிக்கிற சிரிப்பு இந்த ஹாலுக்குள் வரத்தான் போகிறது, ஆனால் இப்போது இல்லை, பொறு, இப்போதே சிரித்துத் தொலைத்தால் எல்லாம் பாழ் என்று ஜெனோவா தன்னையே அதட்டிக்கொண்டாள். அதட்டியது அவளுடைய குரலில்கூட இல்லை, பகவதி மிஸ் குரலில். பிசிக்ஸ் லேபில் யாராவது லென்சைக் கீழே போட்டால் வருமே, தொண்டையில் சாக்பீஸ் சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு குரல், அதில். எது வந்தாலும் யாராவது ஒருத்தர் குரலில்தான் வரும் அவளுக்கு. பயம் என்றால் தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு கண்டக்டர், உள்ள போ உள்ள போ, படியில நிக்காத என்பார். பசி என்றால் பக்கத்து வீட்டு ஃபிலோமினா அக்கா. இன்றைக்குக் காலையில் திருநெல்வேலிக்கு வருகிற வேனில் ஏறியதிலிருந்து ஒரே ஒரு குரல்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது, அதை மட்டும் வாயைத் திறந்து வெளியே விடாமல் பல்லைக் கடித்து வைத்திருக்கிறாள். இந்த இன்ஜினியரிங் காலேஜ் ஹாலில் நாற்காலிகள் படிப்படியாக மேலே ஏறுகின்றன, கேலரியின் கடைசி வரிசை அவளுக்கு, கீழே வெள்ளைக் கோடு போட்ட மரத்தளத்தில் ஏதோ ஒரு கான்வென்ட் பிள்ளைகளின் ரோபோ ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அடுத்தது நம்ம ஸ்கூல், நாம்தான். நாம் என்ன நாம், அவர்கள். "ஏட்டி, ஏன் பல்ல இளிச்சுக்கிட்டு இருக்க?" என்று பக்கத்தில் இருந்த ஷப்னம் மக்ரூன் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். "ஒண்ணுமில்லட்டி." "ஒண்ணுமில்லன்னா ஒன் மூஞ்சி இப்படி இருக்காது. என்ன பண்ணித் தொலைச்ச? ஸ்க்ரூவக் கழத்திட்டியா?" "ஸ்க்ரூ கழத்துறதெல்லாம் எட்டாங்கிளாஸ் வேலட்டி." "பின்ன?" "ஒரு மக்ரூன் குடு, சொல்லுதேன்." கொடுத்தாள். வாயில் போட்டதும் கரைந்துபோனது. ஜெனோவா சொல்லவில்லை. "நாசமாப் போ," என்றாள் ஷப்னம், அந்தக் குரலையும் ஜெனோவா எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள், மூக்கு கொஞ்சம், கோபம் கொஞ்சம், மிச்சமெல்லாம் பிரியம்.

கீழே அவர்கள் நண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஷூ டப்பா அளவு உடம்பு, நாலு சக்கரம், முன்னால் சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒற்றைக் கொடுக்கு, வாயால் சொல்கிற கட்டளையைக் கேட்டு ஒரு பெட்டியை எடுத்துக் கொண்டுபோய்க் கட்டத்தில் வைக்க வேண்டும், அதுதான் போட்டி. நண்டு என்று பெயர் வைத்ததும் அவள்தான், அதையாவது மாற்றாமல் விட்டார்களே. உள்ளே இருக்கிற பெரிய போர்டு நல்ல உழைப்பாளி, சக்கரத்தைச் சுற்று என்றால் சுற்றும், கொடுக்கை மூடு என்றால் மூடும், ஆனால் கூடவே பாரு, கேளு என்றால் திணறிப்போகும், சக்கரம் விக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர். உள்ளங்கையில் அடங்குகிற ஒற்றைப் பலகைதான், ஆனாலும் முழுக் கம்ப்யூட்டர். ஒன்று கேமராவை மாட்டிக்கொண்டு கண்ணாக இருக்கிறது, அதை மற்றப் பையன்கள் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள், அவர்கள்மேல் கோபமில்லை. இன்னொன்று காது. காது அவளுடையது. ஹாலில் உள்ள இத்தனை சத்தத்தையும் வாங்கி மென்று, அதில் ஒரு கட்டளை இருக்கிறதா என்று தேடி, கடைசியில் ஒரே ஒரு எழுத்தை வயர் வழியாகப் பெரிய போர்டுக்கு அனுப்பும், ஒரு எழுத்துக்குப் போ, ஒரு எழுத்துக்கு நில், அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை சாயங்காலம். கொடுக்கு இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் காது செத்துப்போகும், திரும்ப உயிர் வந்து கேட்க ஆரம்பிப்பதற்குள் பெட்டி கீழே விழுந்திருக்கும். டீம் கேப்டன் டெரன்ஸ் மைக்கை மாற்று என்றான். மைக்கை மாற்றினார்கள். புரோகிராமை மாற்று என்றான். அவள்தான் தரையில் படுத்து, கொடுக்குக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கொடுக்கு மூடும்போது காதின் சின்ன விளக்கு ஒரு கணம் மங்குகிறது, மோட்டார் பேட்டரியை ஒரே உறிஞ்சாக உறிஞ்சும்போது காதுக்குக் கரண்ட் எட்டவில்லை. அம்மாவின் பழைய பவர் பேங்கைக் காதுக்கு மட்டும் தனியாகக் கட்டி, கிரவுண்ட் வயரை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக வைத்தாள். அதற்குப் பிறகு காது சாகவே இல்லை. இப்போது கீழே காலர் மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு கேப்டன் டெரன்ஸ் நடுவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான், ஹாலெங்கும் ஸ்பீக்கரில் கேட்கிறது: "காதுக்கு செபரேட் பவர் சப்ளை குடுத்திருக்கேன் மேம். ஆடியோ பார்ட் முழுக்க என் ஓன் டிசைன்." யார் எதைச் செய்தார்களோ அவர்கள்தான் அதை விளக்க வேண்டும் என்பது இங்கே விதி, ஜெயிக்கிற அணி சென்னைக்குப் போகும், போகிறவர்கள் மேடையில் நிற்கிற இந்த நாலு பேர். ஷப்னம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ பண்ணதுதானட்டி அது?" "அவன் டிசைனாம்லா." "போய் மிஸ்கிட்டச் சொல்லேன்." "சொன்னேன். டீம் ஒர்க்குன்னா அப்படித்தாம்மா இருக்கும்னாங்க." சாக்பீஸ் குரலில் அச்சு அசலாகச் சொன்னாள், முன் வரிசையில் யாரோ பயந்து திரும்பிப் பார்த்தார்கள்.

ஓன் டிசைன். சொல்லட்டும். சொல்லிக்கொண்டே போகட்டும், எவ்வளவு உயரம் ஏறுகிறானோ அவ்வளவுக்கு நல்லது. காது ஒருத்தர் பேச்சைக் கேட்கப் பழக வேண்டுமென்றால் அவர் அந்த நாலே நாலு சொல்லை நூற்றுக்கணக்கான தடவை சொல்லி ரெக்கார்ட் செய்ய வேண்டும், போ, நில், எடு, வை, போ, நில், எடு, வை, பைத்தியம் பிடிக்கும். கேப்டன்தான் மேடையில் கட்டளை போடுவான் என்பதால் கேப்டன் குரல். டெரன்ஸ் உட்கார்ந்து கொஞ்சம் சொன்னான், நடுவர் முன்னால் பேசுகிற குரலில், பலாச்சுளையைத் தேனில் போட்டு எடுத்த மாதிரி. பத்து முறை சொன்னதுமே தொண்டை வலிக்கிறதென்று எழுந்துவிட்டான், வெளியே வாலிபால் சத்தம். "நீதான் என்ன மாதிரியே பேசுவல்லா, மிச்சத்த நீயே பேசி ஏத்திரு. மெஷினுக்கு என்ன தெரியப் போவுது?" என்று சொல்லிவிட்டு ஓடினான். மெஷினுக்கு என்ன தெரியப் போகிறது. அவள் உட்கார்ந்து அவனாகவே பேசினாள், ஒழுங்காக, நேர்மையாக, தேன் குரலிலேயே, அப்போதெல்லாம் அவளுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, உண்மையாகவே கிடையாது. பிறகுதான் அந்த நாள். மேடைக்கு நாலு பேர் யார் யார் என்று லேபில் எல்லாரும் வட்டமாக நின்றபோது அவன் அவளைப் பார்க்காமலேயே சொன்னான், நாக்கை மேலண்ணத்தில் தட்டி, மூக்கால், மேலிருந்து கீழே எச்சில் துப்புவது போல: "ச்சை, இவள மேடையில ஏத்துனா நடுவர் முன்னாடியும் கோழி மாதிரி கொக்கரிப்பா. ஒனக்கு நாலு குரல்ல கத்துறதத் தவிர என்னட்டி தெரியும்? போ, கேலரில உக்காந்து கை தட்டு." எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஜெனோவாதான், பழக்க தோஷம், கோழி மாதிரி ஒரு தடவை கொக்கரித்தும் காட்டினாள், சிரிப்பு இன்னும் கூடியது, அந்தக் கொக்கரிப்பை நினைத்தால்தான் இப்போதும் காதோரம் சுடுகிறது, அவன் சொன்னதைவிட அதுதான், ஏன் கொக்கரித்தேன், எவன் கேட்டான். மறுநாள் ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் லேபுக்குப் போனாள். தான் பேசி ஏற்றிய தேன் குரலை எல்லாம் அழித்தாள். புதிதாக ரெக்கார்ட் செய்தாள், அதே நாலு சொல், ஆனால் அந்தக் குரலில், ச்சை போட்டு, மூக்கால், துப்புகிற மாதிரி. ச்சை, போ. ச்சை, நில். நூற்றுக்கணக்கில். காதுக்கு இன்னொரு குவியலும் உண்டு, இந்தச் சத்தமெல்லாம் கட்டளை இல்லை, காதில் வாங்காதே என்று சொல்லிக் கொடுக்கிற குவியல், ஃபேன் சத்தம், பெஞ்சை இழுக்கிற சத்தம், இருமல், தும்மல் எல்லாம் அதில் கிடக்கும். டெரன்ஸ் தன் சொந்த வாயால் பேசிய அந்தப் பத்துத் தேன் துளிகளையும் எடுத்து அவள் அந்தக் குவியலில் போட்டாள், இருமலுக்குப் பக்கத்தில்.

மாட்டிக்கொள்வோமோ என்று முதலில் பயந்தாள்தான். உள்ள போ உள்ள போ, படியில நிக்காத. ஆனால் லேபில் நண்டு தினமும் அழகாக நடந்தது, அவன் சொன்னதையெல்லாம் கேட்டது, அதுதான் இந்த வேலையின் சூட்சுமம், ஏனென்றால் லேபில் அவன் யாரிடமும் தேன் குரலில் பேசுவதே கிடையாது, நண்டிடமும்தான். ச்சை போ என்றுதான் சொல்லுவான், அது ஓடும், பாத்தியா எப்படிக் கேக்குதுன்னு மீசை முளைக்காத உதட்டைத் தடவிக்கொள்ளுவான். மேடையில்தான் தேன் வரும். வரும்தானே? வராமல் போனால்? கேலரி நாற்காலியின் பிளாஸ்டிக் விளிம்பு தொடையில் வெட்டிக்கொண்டிருந்தது, அவள் நகர்ந்து உட்காரவில்லை. பதற்றத்தில் முதல் சொல்லையே துப்பிவிட்டால் நண்டு ஓடும், ஜெயிப்பான், சென்னைக்குப் போவான், ஓன் டிசைன். அப்படி ஆகாது. நடுவர் நாற்காலியில் கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு பேராசிரியை உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பார்த்த உடனேயே அவன் குரலில் சர்க்கரை இறங்கிவிட்டதே, மேம் மேம் என்று. ஆகாது. சரி, தேன் குரலிலேயே கடைசிவரை நின்றுவிட்டால்? பொறுமையாக, சிரித்த முகமாக, இன்றைக்கு ஏதோ கோளாறு மேம் என்று சொல்லித் தோற்றுப்போனால்? எல்லாரும் பாவம் என்பார்கள். அதற்கா இத்தனையும். அவன் தோற்பதல்ல அவளுக்கு வேண்டியது, அவனை இந்த ஹால் முழுக்கக் கேட்க வேண்டும், லேபில் கேட்கிற அவனை. அதற்கு அவனுக்குக் கோபம் வர வேண்டும். வரும். அவனை அவளுக்குத் தெரியும், அவனைவிடத் தெரியும், இந்த உலகத்தில் அவன் குரலை உட்கார்ந்து படித்தது அவள் ஒருத்திதான், எங்கே மூச்சு வாங்குவான், எங்கே நாக்கைத் தட்டுவான் எல்லாம். அதுதான் கொஞ்சம், எப்படிச் சொல்ல, நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டே நின்றாள், இவள் எதையோ யோசித்துக்கொண்டு, "ச்சை, வை!" என்றாள். சும்மா வந்துவிட்டது. அம்மாவுக்கு இது விளையாட்டு, இவள் எந்தக் குரலில் பேசினாலும் யாரென்று சொல்லிவிடுவாள், பங்குச் சாமியார், மீன்கார அந்தோணியம்மா, ரேடியோ நியூஸ் வாசிக்கிறவர், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. நேற்று அம்மா சட்டியோடு ஒரு எட்டுப் பின்னால் போனாள். "யார் குரலுட்டி இது?" என்றாள், விளையாட்டாக இல்லை. ஒருத்தருமில்லம்மா. ஒருத்தருமில்லை என்று சொன்னதும் அதே மூக்கால்தான் வந்தது. இத்தனை நூறு தடவை ஒரு குரலைச் சொன்னால் அது தொண்டையில் ஒட்டிக்கொள்ளுமோ, நண்டுக்குச் சொல்லிக் கொடுத்தேனா, எனக்கே சொல்லிக் கொடுத்துக்கொண்டேனா, விடு, அதெல்லாம் அப்புறம், விசில் ஊதிவிட்டார்கள்.

டெரன்ஸ் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, சட்டைக் காலரை ஒரு தடவை சரி செய்துகொண்டு, தேனை ஊற்றினான். "நண்டு… போ." நண்டு போகவில்லை. ஹாலுக்கு அது போகப்போகிறது என்றே பட்டிருக்க வேண்டும், எல்லாரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்கள். "நண்டு, போ." காதின் சின்ன விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது, கேலரியிலிருந்தே தெரிந்தது, கேட்கிறது, நன்றாகக் கேட்கிறது, இருமல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஜெனோவாவின் வயிற்றில் ஒரு குமிழி உருண்டது, இல்லை, இன்னும் இல்லை. "டென்ஷன் ஆகாதீங்க தம்பி, இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் பேராசிரியை. "ஷ்யூர் மேம். நண்டு, போ… நண்டு, போ." எங்கோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான், அது இரண்டு வரிசைக்குப் பரவியது. ஷப்னம் அவள் முழங்கையைப் பிடித்தாள். "ஏட்டி, இதுதானா?" "இல்லட்டி. இது ஒண்ணுமே இல்ல." "பின்ன எப்பட்டி சிரிக்கணும்?" "சொல்லுதேன், பொறு." டெரன்ஸ் குனிந்தான், வயரைத் தொட்டுப் பார்த்தான், பின்னால் நின்ற பையனைப் பார்த்துக் கண்ணை உருட்டினான், அந்தப் பையன் கையை விரித்தான். ஸ்கிரீனில் நேரம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் கழுத்துக்குப் பின்னால் சட்டை நனைந்து முதுகில் ஒட்டுவது தெரிந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வா, வா, வந்துரு, எங்க போயிருவ, வா. காலர் மைக் சட்டையிலேயேதான் குத்தியிருக்கிறது என்பது அவனுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். நண்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், நாக்கை மேலண்ணத்தில் தட்டி,

"ச்சை, போ!"

அந்தச் சத்தம் ஹாலின் எல்லா ஸ்பீக்கரிலும் வந்தது. நண்டு அடி வாங்கினது போலத் துள்ளி ஓடியது. தேனூறும் பிள்ளையிடமிருந்து இப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். டெரன்ஸ் நிமிர்ந்து சிரித்தான். "சின்ன டிலே மேம், அவ்வளவுதான்." பெட்டிக்குப் பக்கத்தில் கண் சரியாக நண்டை நிறுத்தியது, பையன்கள் செய்த கண் அது, நல்ல கண். "நண்டு, எடு," என்றான் தேனாக. எடுக்கவில்லை. "எடு, ப்ளீஸ்." சிரிப்பு எழும்பியது. "ச்சை, எடு!" கொடுக்கு டப்பென்று மூடியது. இப்போது ஹால் பிளந்துகொண்டது. பேராசிரியை கூலிங் கிளாஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஏன் தம்பி, திட்டினாத்தான் கேக்குமா உங்க ரோபோ?" கடைசி வரிசைவரைக்கும் நாற்காலிகள் ஆடின, ஷப்னம் மக்ரூன் தூள் மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே அவள் தோளில் அடித்தாள், "ஏட்டி பாவி, ஏட்டி பாவி" என்று. ஜெனோவாவும் வாயைத் திறந்தாள். வரவில்லை. இவ்வளவு நாள் இதற்காகத்தானே பல்லைக் கடித்து வைத்திருந்தாள், இந்தா வந்துவிட்டது, சிரி, சிரியேன் என்று எந்தெந்தக் குரலிலோ சொல்லிப் பார்த்தாள், வயிற்றில் உருண்ட குமிழி அப்படியே நின்றது, ஏனென்றால் கீழே அவன் வேறு ஏதோ செய்ய ஆரம்பித்திருந்தான். அவன் மடையன் இல்லை. தேன் குரலுக்கும் துப்புகிற குரலுக்கும் நடுவில் எங்கே கதவு திறக்கிறது என்று தேடினான். "போ," என்றான் கொஞ்சம் கறாராக. இல்லை. கொஞ்சம் மூக்கைச் சேர்த்தான். இல்லை. நாக்கை லேசாகத் தட்டி, ச் என்று மட்டும் வைத்து, போ என்றான், நண்டு ஒரு விரல் அகலம் நகர்ந்து தயங்கி நின்றது. அவன் இன்னும் மூக்கைக் கூட்டினான், இன்னும் இழுத்தான், தாடையை அவள் அவனைச் செய்து காட்டும்போது ஏற்றுகிற மாதிரி ஏற்றினான், "ச்சை, போ," நண்டு ஓடியது, பெட்டி வைக்க வேண்டிய கட்டத்துக்குள் போய் நின்றது. ஒரே ஒரு சொல்தான் பாக்கி, வை என்று சொன்னால் முடிந்தது, நேரமும் இருந்தது. ஆயிரம் பேர் முன்னால் ஒருத்தன் தன்னையே மிமிக்ரி செய்துகொண்டு நிற்கிறான் என்பது ஹாலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், இதைவிடப் பெரிய சிரிப்பு உலகத்தில் உண்டா. "நல்லா இருக்குப்பா," என்றார் பேராசிரியை, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உண்மையாவே கேக்கறேன், இதோட காதுக்குக் குரல் பழக்கினது யாரு?" "நான்தான் மே…" என்று ஆரம்பித்தான் டெரன்ஸ். அந்த மேமை முடிக்கவில்லை. பிடிக்க ஒன்றுமில்லாத கொடுக்கு போல அவன் விரல்கள் காற்றில் மூடித் திறந்தன, வாலிபால் சத்தம் கேட்கிற ஒரு சாயங்காலம் அவன் முகத்தில் மெதுவாக வந்து நிற்பதை அவள் பார்த்தாள், பத்தோடு எழுந்து போனது, மிச்சத்தை யார் பேசியது. அவன் பெட்டியைப் பார்க்கவில்லை, ஸ்கிரீனில் ஓடுகிற நேரத்தைப் பார்க்கவில்லை. திரும்பி, கேலரியில் ஒவ்வொரு வரிசையாகக் கண்ணை ஏற்றிக்கொண்டு வந்தான். குனிந்துகொள் என்றது கண்டக்டர் குரல், அவள் குனியவில்லை. கடைசி வரிசைக்கு வந்து அவன் கண் நின்றது, சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவன் எங்கே பார்க்கிறான் என்று திரும்பினார்கள், ஷப்னம் சிரிப்பை நிறுத்தினாள், பிறகு மைக்கில், தேனும் இல்லாமல், துப்பலும் இல்லாமல், அவள் இதுவரை எடுத்து வைத்திராத ஒரு குரலில் அவன் கேட்டான்.

"ஜெனோ… நான் இப்படியா பேசுதேன்?"